கேட்டதற்கு மேல்

சார், அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துவிடுகிறீர்களா? தூசிக்காக அல்ல, தொண்டைக்காக. நான்கு மணிக்கு மேடை ஏற வேண்டும். பட்டிமன்றம். நீங்கள் வெளியூரா? அப்படித்தான் இருக்கும். இந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் உட்கார்ந்ததுமே "என்ன கண் டாக்டர், சௌக்கியமா?" என்றிருப்பீர்கள்.

டாக்டர் எல்லாம் இல்லை சார். மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பெயர் சோலையப்பன். பதினேழு வருஷமாகப் பட்டிமன்ற நடுவர். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் கடைசியில் என் தீர்ப்பு ஒன்றுதான். இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும், இரண்டும் நமக்கு இரண்டு கண்கள். மாமியாரா மருமகளா? இரண்டு கண்கள். கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா? இரண்டு கண்கள். ஒரு கல்லூரி விழாவில் பழைய சோறா பரோட்டாவா என்று வைத்தார்கள். அதற்கும் அதே கண்கள்தான். ஒரு டீக்கடையில் ஒருத்தன் கேட்டான்: "ஐயா, மூணு அணி வச்சா என்ன பண்ணுவீங்க?"

பயம் என்று சொல்வார்கள். பயம் இல்லை சார், சமநிலை. அப்படித்தான் பதினாறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு வருஷமாகக் கொஞ்சம் சந்தேகம்.

அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், பச்சைக் கரைப் புடவை. பார்க்காதீர்கள். பார்க்காத மாதிரிப் பாருங்கள். அதுதான் என் மனைவி மரகதம். தாலுகா ஆபீஸில் கிளார்க். ஏன் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்களா? பஸ்ஸில் ஏறியதும் நான் கேட்டேன், "இடம் இருக்கா?" என்று. "இருக்கு" என்றாள். உட்கார்ந்துவிட்டாள். அந்த சீட்டில் ஒரே இடம்தான் இருந்தது. "நம்ம ரெண்டு பேருக்கும் இடம் இருக்கா?" என்று நான் கேட்கவில்லை அல்லவா? கேட்டதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை சொல்வதில்லை, ஒரு எட்டு எடுத்து வைப்பதில்லை. சரியாக ஒரு வருஷமாக. கேட்டால், என் தீர்ப்பாம்.

ஆமாம், என் தீர்ப்புதான். அதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

போன வருஷம் குடியரசு தினம். இதோ இப்போது போய்க்கொண்டிருக்கிறோமே, இதே ஊர். பெயர் வேண்டாம், பின்னால் அந்த ஊர்க்காரர் யாராவது இருப்பார். வர்த்தகர் சங்கத் தலைவர் அழகுமலை, பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். பேசும்போது மட்டும் யார் தோளையாவது பிடித்துக்கொண்டுதான் பேசுவார். அவர் போன் பண்ணி, "ஐயா, இந்தத் தடவை சிரிப்புத் தலைப்பு வேண்டாம். நாட்டுக்கு உதவுற மாதிரி ஒண்ணு" என்றார். தலைப்பு இதுதான்: அரசியல் சாசனத்துக்குப் பெரிதும் காவலாய் இருப்பது நாடாளுமன்றமே! நீதிமன்றமே!

பள்ளி நூலகத்திலிருந்து சாசனத்தை எடுத்துவந்தேன். செங்கல் மாதிரி புத்தகம். மூன்று வாரம் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் கிறுகிறுத்துவிட்டது சார். எத்தனை பிரிவு, எத்தனை உட்பிரிவு, 'ஆயினும்', 'அவ்வாறிருப்பினும்'! கழுத்து வலிக்கு டாக்டரிடம் போனேன். "என்ன தலையணை?" என்று கேட்டார். "அரசியல் சாசனம்" என்றேன்.

மரகதம் இரண்டாவது அணியில் மூன்றாவது பேச்சாளர். எப்போதுமே அதே நாற்காலிதான். பதினோரு வருஷம், அறுபத்து மூன்று மேடை. அந்த வருஷம் அவளுக்கு நீதிமன்ற அணி. வேனில் போகும்போது மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, இந்தத் தடவை கண்ணு வேண்டாம். ஏதாவது ஒரு பக்கம் சொல்லுங்க. நான் நல்லாப் பேசலைன்னா அவங்க பக்கம் சொல்லுங்க. நல்லாப் பேசினா, ஜெயிச்சேன்னு ஒரு தடவை மைக்குல சொல்லிருங்க. நான் இதுவரைக்கும் எதுலயும் முழுசா ஜெயிச்சதில்ல."

அவ்வளவுதான் கேட்டாள். சரி என்றேன்.

மாலை நான்கு மணி, கல்யாண மண்டபம். முதல் அணித் தலைவர் கோதண்டம். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் மண்டபம் குலுங்கும். எழுந்தார். "நடுவர் அவர்களே! ஒரு வீட்டுல மாமியாருக்கும் மருமகளுக்கும் தகராறு. இட்லி மாவுல உப்பு கூடவா, குறையவா? அவ்வளவுதான் வழக்கு. பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டாங்க. அவரு மாவை ஒரு விரல்ல தொட்டு வாயில வச்சாரு. உப்பைப் பத்திச் சொல்லணுமா இல்லையா? என்ன சொன்னாரு தெரியுமா? அடுப்பைத் தெக்கால மாத்து. மகனைத் தனிக்குடித்தனம் அனுப்பு. பின்பக்கத்துச் சுவரை இடி. வெள்ளிக்கிழமைதோறும் என்கிட்ட வந்து அறிக்கை கொடு! நடுவர் அவர்களே, இன்னைய தேதி வரைக்கும் உப்பு கூடவா குறையவான்னு யாருக்கும் தெரியாது. மாவு புளிச்சுப் போச்சு!"

ஜனம் சிரித்துச் சரிந்துவிட்டது. நானும்தான். நீதிமன்றம் கேட்டதற்கு மேல் போகிறது, எழுதாததைப் படிக்கிறது, அடிப்படைக் கட்டமைப்பு என்று ஒன்றைச் சொல்கிறது, அந்தச் சொல் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம் என்றார். நடுவரான என் கையே தானாகப் புத்தகத்தைப் புரட்டியது. இல்லை சார். உண்மையிலேயே அந்தச் சொல் இல்லை.

அப்புறம் மரகதம் எழுந்தாள். குறிப்புச் சீட்டு எதுவும் கையில் இல்லை.

"நடுவர் அவர்களே, சாசனத்துல உயிர்னு ஒரு சொல் இருக்கு. சட்டம் சொன்ன வழியில தவிர யாருடைய உயிரையும் பறிக்கக் கூடாது. அவ்வளவுதான் எழுதியிருக்கு. நல்ல காத்துன்னு எழுதலை. நல்ல தண்ணின்னு எழுதலை. அதெல்லாம் இல்லாம வெறும் மூச்சு விடுறதுக்குப் பேரு உயிரான்னு கேட்டது நீதிமன்றம். அதுக்கப்புறம்தான் அந்தச் சொல்லுக்கே உயிர் வந்துச்சு."

மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தாள்.

"நான் கல்யாணமாகி வந்த மறுநாள் எங்க மாமனார் சொன்னாரு, 'உனக்கு இந்த வீட்டுல ஒரு குறையும் இருக்காதும்மா.' அதுதான் எங்க வீட்டுச் சாசனம். அதுல நான் வேலைக்குப் போகலாம்னு இல்ல. போகக் கூடாதுன்னும் இல்ல. தேர்வு எழுதி ஆர்டர் வந்தப்போ எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாங்க. நான் மாமனார்கிட்டப் போய் நின்னேன். 'ஒரு குறையும் இருக்காதுன்னீங்களே மாமா, வேலைக்குப் போகலைன்னா எனக்குக் குறையா இருக்கும்'னு சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. 'நான் சொன்னதுக்குள்ள இதுவும் இருந்திருக்கு போல'ன்னாரு. நடுவர் அவர்களே, சொன்னவருக்கே தெரியாதது சொல்லுக்குள்ள இருக்கும். அதை எடுத்துக் காட்டத்தான் ஒரு ஆள் வேணும்."

சார், வந்தது பாருங்கள் கைதட்டல்! கோதண்டமே தட்டினார். எதிரணித் தலைவர் தட்டக் கூடாது, மரபு இல்லை.

நான் தீர்ப்புச் சொல்ல எழுந்தேன். மனதில் முடிவு இருந்தது. மைக்கைப் பிடித்தபோது முதல் வரிசையில் ஒரு வெற்றிலைக் குரல் பக்கத்து ஆளிடம் சொன்னது: "அதான் பொண்டாட்டி பேசிட்டாளே, வீட்டுக்குப் போய்ச் சோறு திங்க வேண்டாமா? அந்தப் பக்கம்தான் தீர்ப்பு."

அந்தக் குரலுக்காகத்தான் நான் மாற்றிச் சொன்னேனா? ராத்திரிகளில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்றுதான் பதில் வருகிறது. ஆனால் கேட்பவனும் நான், சொல்பவனும் நான். என்ன பிரயோஜனம்?

சொன்னேன். "நாடாளுமன்றமே! நடுவராக இருப்பவர் கேட்டதற்கு மட்டும்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கேட்டதற்கு மேல் ஒரு எட்டு எடுத்து வைக்கக் கூடாது!"

கைதட்டல் சார்! அதுவரை பதினாறு வருஷமாக எனக்குக் கிடைத்ததெல்லாம் பாதிக் கைதட்டல். இரண்டு கண்ணுக்கு ஒரு கையால்தானே தட்டுவார்கள். ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொன்னால் இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கால் தரையில் இல்லை. அந்த வேகத்தில் என் வாயில் ஒரு சொல் வந்தது.

"மேலும்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியாது. சொன்ன பிறகு எதையாவது சொல்ல வேண்டுமே. மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு மின்விசிறி சுற்றாமல் நின்றது. "மேலும், அந்த மின்விசிறியைப் பதினைந்து நாளுக்குள் ஓட வைக்க வேண்டும் என்று இந்த மன்றம் உத்தரவிடுகிறது!" கடைசி வரிசை எழுந்து நின்று விசில் அடித்தது. உடனே ஒரு துண்டுச் சீட்டு மேடைக்கு வந்தது. 'ஊர் வளைவில் பஸ் நிற்பதில்லை.' மேலும், பஸ் நிற்க வேண்டும்! இன்னொரு சீட்டு. 'பள்ளிக்கூடத்தின் பின்வாசலைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் சுற்றிப் போகின்றன.' மேலும், திறக்க வேண்டும்! சீட்டுகள் வந்துகொண்டே இருந்தன சார், தீபாவளிக்கு முதல் நாள் ஜவுளிக்கடை மாதிரி. ஆறு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேரை மேடைக்கு வரவழைத்து ஒரே கோலி சோடாவை ஆளுக்குப் பாதி குடிக்க உத்தரவிட்டேன். குடித்தார்கள்! தம்பிக்கு விக்கல் வந்தது, அண்ணன் முதுகில் தட்டினான். ஜனம் அழுதது. நானும் அழுதேன். அழுதுகொண்டே அடுத்த 'மேலும்' சொன்னேன்.

அழகுமலை வந்து என் தோளைப் பிடித்தார். "ஐயா, சாப்பாடு ஆறுது."

"சாப்பாடு பொறுக்கும். நீதி பொறுக்காது" என்றேன். அந்த வரிக்குத் தனியாகக் கைதட்டினார்கள்.

இருபத்து மூன்று உத்தரவு. இருபத்து நான்காவதுக்குச் சீட்டு வந்தது. எழுத்து தெரிந்த எழுத்து. 'நடுவர் அவர்களே, கேட்டதற்கு மேல் போகக் கூடாது என்று தீர்ப்புச் சொன்ன நடுவர் எங்கே போனார்? கண்டால் வரச் சொல்லவும். இப்படிக்கு, இரண்டாம் அணி, மூன்றாவது பேச்சாளர்.'

நீங்களே சொல்லுங்கள், அது மேடை நாகரிகமா? நான் ஒரு தமாஷாகத்தான் சொன்னேன்: "மன்றத்தை அவமதித்த குற்றத்துக்காக, மூன்றாவது பேச்சாளருக்கு இன்றைய பொன்னாடை கிடையாது!" எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும். அவள் மட்டும்தான் சிரிக்கவில்லை. பொன்னாடை என்ன சார், வீட்டில் பெட்டி நிறையக் கிடக்கிறது. எல்லாம் எனக்குப் போர்த்தியது. சரி, அவளுக்கும் போர்த்துவார்கள், ஆனால் வேனில் ஏறும்போது எல்லாவற்றையும் மொத்தமாக என் பையில்தான் வைப்போம், அதனால் எது யாருடையது என்று—

அதை விடுங்கள். அப்புறம் நடந்ததுதான் விஷயம். பட்டிமன்றத்தில் நடுவர் மேசையில் ஒரு பித்தளை மணி இருக்கும். பார்த்திருப்பீர்கள். முதல் மணி எச்சரிக்கை. பேச்சைச் சுருக்கிக்கொள். இரண்டாவது மணி, போதும், உட்கார். மரகதம் எழுந்தாள், நேராக என் மேசைக்கு வந்தாள், மணியை எடுத்தாள். ஒரு தடவை அடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை அடித்தாள். அவ்வளவுதான்! மொத்த ஜனமும் எழுந்து சாப்பாட்டுக்குப் போய்விட்டது. நான் மைக்கில் "மேலும்... மேலும்..." என்றுகொண்டே நிற்கிறேன். எதிரில் நாற்காலிகள்.

அந்த மணி இப்போதும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது.

மறுநாள் காலை நான் கேட்டேன், "காப்பி இருக்கா?" என்று. "இருக்கு" என்றாள். பதினைந்து நிமிஷம் காத்திருந்தேன். "எங்கே?" "அடுப்புல." "கொண்டுவரலையா?" "கேட்கலையே. கேட்டதுக்கு மேல போகக் கூடாதுன்னு தீர்ப்பு." அன்றைக்கு ஆரம்பித்தது. "சோறு போடு" என்றால் சோறு. வெறும் சோறு, வெள்ளையாக, ஆவி பறக்க. குழம்புக்குத் தனி மனு. ரசத்துக்குத் தனி மனு. ஒரு நாள் முன்யோசனையாக, "சோறு, குழம்பு, ரசம், பொரியல், அப்பளம், மோர்" என்று முழுதாகக் கேட்டேன். எல்லாம் வந்தது. இலை வரவில்லை. நாலு கிலோ இறங்கிவிட்டேன். சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுவாள். "என்ன எழுதுறே?" என்றேன். "மனு" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆபீஸ் வேலையாக இருக்கும்.

ஆனால் ஒன்று சார். என் உத்தரவுகள்! அழகுமலை போன் பண்ணுகிறார்: "ஐயா, மின்விசிறி ஓடுது." ஒரு மாதம் கழித்து: "ஐயா, பள்ளிக்கூடப் பின்வாசல் திறந்தாச்சு. முதல் நாள் ஆடுதான் உள்ள போச்சு, இருந்தாலும் திறந்தாச்சு." அப்புறம் தெருக்குழாய். அப்புறம் சுடுகாட்டுப் பாதை விளக்கு. இருபத்து மூன்றில் பத்தொன்பது நிறைவேறிவிட்டது. பெயிண்ட் கடைச் சுவரில் பட்டியல் எழுதி ஒவ்வொன்றாகப் பச்சை டிக் போடுகிறார்கள். ஒரு சொல் சார்! மைக்கில் சொன்ன வெறும் சொல்! அதற்கு இத்தனை பலமா? ஒரு பக்கம் பெருமை. இன்னொரு பக்கம், ஒரு பட்டிமன்ற நடுவனுக்கு இது எப்படி நடக்கும் என்று யோசனை. யோசித்துப் பார்த்ததில், நாக்கில் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

'ட்டிங்' என்று கேட்டதா? யாரோ கோயிலுக்கு மணி வாங்கிப் போகிறார்கள் போலிருக்கிறது. முன்பக்கம்தான். நான் சத்தமாகப் பேசுகிறேனா? மேடைப் பழக்கம், மன்னியுங்கள்.

இந்த வருஷம் என்ன என்றால், அழகுமலை என்னைக் கூப்பிடவில்லை. அவளைக் கூப்பிட்டார். "நடுவரா நீங்கதான் வரணும்மா. போன வருஷம் கடைசித் தீர்ப்பு உங்களோடதுதான்னு ஊரே சொல்லுது." அப்புறம் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "ஐயா, நீங்க இரண்டாவது அணியில மூணாவதாப் பேசுறீங்களா?" என்றார். நீதிமன்ற அணி. போன வருஷத் தலைப்பேதான், அவளுடைய நாற்காலி. என் தீர்ப்புக்கு எதிராக நானே பேச வேண்டும்.

சரி என்றேன். எனக்குக் கோபம் இல்லை. என்ன பேசப் போகிறேன் தெரியுமா? அவள் பேசியதைத்தான். ஒரு குறையும் இருக்காது என்று எங்கள் அப்பா சொன்னாரே, அதேதான். மூன்று வாரம் அந்தச் செங்கல் புத்தகத்தைத் திரும்பவும் புரட்டினேன், அதைவிட நல்ல வாதம் அதில் இல்லை. அப்படியானால் போன வருஷம் ஜெயித்தது யார் என்று பார்க்கிறீர்கள். பார்வையிலேயே கேட்கிறீர்கள். அது மேல்முறையீட்டில் வர வேண்டிய கேள்வி சார். இங்கே எடுக்க முடியாது.

மேலே அந்தப் பையில் ஒன்று வைத்திருக்கிறேன். அவளுக்கு வராமல்போன அந்தப் பொன்னாடை. ஊதா நிறம், அழகுமலை அன்றைக்கே என் கையில் திணித்துவிட்டார். ஒரு வருஷமாக எங்கே போனாலும் பையில் வருகிறது, அவளுக்குத் தெரியாது. கொடுக்கலாம் என்றால், எந்தப் பிரிவின் கீழ் கொடுப்பது? அவள் கேட்கவில்லையே. கேட்காததைக் கொடுத்தால், அது கேட்டதற்கு மேல் போவதாகாதா? சிரிக்காதீர்கள். என் தீர்ப்பு எனக்கும் பொருந்தும் அல்லவா? தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றும் தோன்றும். தோன்றுகிறபோது அவள் சமையலறையில் இருப்பாள், நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன்.

அதோ வளைவு! பாருங்கள், இப்போது நிற்கும். எத்தனையோ வருஷமாக நிற்காத பஸ். என் இரண்டாவது உத்தரவு. நின்றதா? நின்றதா இல்லையா? கண்டக்டர் தம்பி, இந்த ஸ்டாப்பிங் யார் உத்தரவில் வந்தது தெரியுமா?

என்ன?

சார், என்ன சொல்கிறார் கேளுங்கள். "அதோ முன்னால இருக்காங்களே, அந்தம்மா வாங்கினது" என்கிறார். "நாலு தடவை டிப்போவுக்கு மனு எழுதி, ஊர்ல வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கி, அஞ்சாவது தடவை நேர்லயே வந்து உட்கார்ந்துட்டாங்க. ஆர்டரைக் கையில வாங்கிட்டுத்தான் எந்திரிச்சாங்க."

சனிக்கிழமை.

அப்படியென்றால் அந்த மின்விசிறி? தெருக்குழாய்? சுடுகாட்டு விளக்கு? பத்தொன்பதுமா சார்? யாரும் கேட்காமலே?

'ட்டிங்.' ஆமாம், ஆமாம், கேட்டுவிட்டது. கோயில் மணி இல்லை சார், உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். இது இரண்டாவது. நான் உட்கார வேண்டும். இல்லை, இறங்க வேண்டும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அழகுமலை மாலையோடு நிற்கிறார் பாருங்கள், அதற்குள் டிரைவர் தோளைப் பிடித்துவிட்டார். மரகதம் படிக்குப் போய்விட்டாள். திரும்புகிறாள். இருங்கள், என்னமோ சொல்கிறாள்.

"ஏங்க, மேல இருக்கிற பையில அந்த ஊதாப் பொன்னாடை இருக்கு. மறந்துட்டு இறங்கிராதீங்க."

சார். சார், நீங்கள்தான் சாட்சி. நான் எதுவுமே கேட்கவில்லை. கேட்டேனா?